பர்மாவின் தலைநகரம்

முல்லைத்தீவு பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தும் அவர் தரையில் குந்தியிருந்தார். மறியலில் பழகிய இருப்பு என்றார். மீனவர். படகின் எஞ்சின் பழுதாகி, பர்மாக் கரையில் ஒதுங்கிப் பிடிபட்டு, அங்கே சிறையில் இருந்தவராம். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனின் படத்தைக் கையில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அங்க ஸ்டியரிங்கும் வலப்பக்கம், வாகனம் ஓடுறதும் வலப்பக்கம், தங்கச்சி. தலைநகரத்தையே காட்டுக்குள்ள புதுசாக் கட்டி வைச்சிருக்கிறாங்கள். மறியலுக்குள்ள இருக்கிறவனைப் பற்றி வெளியில தெரியாது. உங்கட அவரும் அங்க இருக்கலாம். இந்தப் படத்தோட கொழும்புக்குப் போய், அவங்கட தூதரகத்தில கேளுங்கோ.”

நான் குறுக்கிட்டேன். “முப்பது வருசம் புவியியல் படிப்பிச்சனான். தலைநகரம் ரங்கூன். புளுகிறதுக்கும் ஒரு அளவு வேணும், அண்ணை.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“மாஸ்டர் படிச்சவர். நான் அங்க இருந்தனான்,” என்றார் அவர், அந்தப் பெண்ணைப் பார்த்து. அவளோ கணவனின் படத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள். தண்ணீரூற்று நிறுத்தத்தில் இறங்கிப் போனாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு புதிய அட்லஸைப் புரட்டினேன். தலைநகரம் நேப்பிடோ என்றிருந்தது. நான் ஓய்வு பெற்ற பின்னர் மாறியிருக்கிறது.

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அவள் கொழும்புக்குப் போனாளோ தெரியாது. தண்ணீரூற்றில் பஸ் நிற்கும்போதெல்லாம், இறங்கிப் போகிறவர்களிடையே அவளைத் தேடுகிறேன்.