சீட்டுக்குக் காசு கட்டலாமா, அங்கிள்?

விமான டிக்கெட் விற்பவனுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை; எந்த சீட்டில் உட்கார்ந்தால் நல்லது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கும் போன் கடைக்கும் நடுவில் எங்கள் கவுன்டர். நானும் மேனகாவும்தான் ஆட்கள். நாற்பது வயதுக்கு மேல் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நானாகவே கணினி கற்றுக்கொண்டேன். அப்போதெல்லாம் டிக்கெட் என்றால் அதில் சோறு, பெட்டி, சீட் எல்லாம் அடக்கம். மலிவு விமானங்கள் வந்த பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி வைத்துவிட்டார்கள். நீங்களும் அந்தத் திரையில் மாட்டியிருப்பீர்கள். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் போட்டு முடித்ததும் விமானத்தின் வயிற்றைத் திறந்து காட்டி, எந்தக் கட்டம் வேண்டும் என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்வதற்கான எழுத்து எறும்பு அளவில் ஒரு மூலையில் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் நமக்கே சந்தேகம் வந்துவிடும்: கட்டலாமா, வேண்டாமா?

எட்டு வேண்டாம்

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு பட்டறை முதலாளி வருவார். எண் கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர். எட்டு சனியின் எண் என்று, கூட்டினால் எட்டு வரும் வரிசையில் உட்கார மாட்டார். பதினேழும் இருபத்தாறும் அவருக்கு ஆகாது. சும்மா விட்டால் கணினி அதில் தள்ளிவிடும் என்று பயந்து, ஒவ்வொரு முறையும் பணம் கட்டிப் பதினெட்டாம் வரிசையைப் பிடிப்பார். ஒன்றும் எட்டும் ஒன்பது.

ஒருநாள் மேனகா சும்மா இருக்காமல், "அங்கிள், இந்த ப்ளேன்ல பதிமூணாம் வரிசையே கிடையாது. பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு. எண்ணிப் பாத்தா உங்க பதினெட்டு நெஜமா பதினேழாவது வரிசை" என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு இரண்டு முறை எண்ணினார். வாடிக்கையாளர் போயிற்று என்று நான் மேனகாவை முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுந்து பர்ஸைத் திறந்தார்.

"அதே பதினெட்டு போடு லா. சனீஸ்வரன் என்ன கேபின் க்ரூவா, ஒவ்வொரு வரிசையா எண்ணிக்கிட்டு வர்றதுக்கு?"

குருசாமிக்கு முன்னால்

மாலை போட்ட சாமிகள் பதினாறு பேர் கொச்சிக்குப் போகவேண்டும். காவி வேட்டியோடு கவுன்டர் முன்னால் நின்றார்கள். சீட்டுக்குப் பணம் கட்டுவது வீண் என்று நான் வழக்கம்போலச் சொன்னேன். பதினைந்து பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள். எங்கே போட்டாலும் சரி, குழந்தை அழும் வரிசையானாலும் சரி. ஆனால் குருசாமிக்கு மட்டும் முதல் வரிசை வேண்டும். அவருக்கு முன்னால் யாரும் உட்காரக் கூடாது, அவர்தான் வழி காட்டிக் கூட்டிப் போகிறவர். குருசாமியோ, "எனக்கு எதுக்கு சாமி, கழிவறைப் பக்கமா போட்டா போதும்" என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

இருப்பதிலேயே விலை கூடிய சீட் அது. பதினைந்து பேரும் பங்கு போட்டுக் கட்டினார்கள். மேனகாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "சாமி, அவருக்கும் முன்னாடி பைலட் உக்காந்திருப்பாரே?" என்றாள். வரிசையில் கடைசியில் நின்ற சாமி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அவரு நம்மள விட எத்தன தடவ போய்ட்டு வந்திருக்காரு, அவரும் ஒரு குருசாமிதாம்மா."

தனியாத்தானே

இது என் கதை. என் மனைவிக்கு ஜன்னலோர சீட் என்றால் உயிர். ஆனால் டிக்கெட் விற்பவனின் மனைவிக்கு அது கிடைத்ததே இல்லை. "நாலு மணி நேரம், அதுக்கு ஒரு காசா?" என்பேன். அவளும் நடு சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரைத் தாண்டிக் கழுத்தை நீட்டி மேகத்தைப் பார்ப்பாள். அவள் போனபிறகு முதன்முறையாகத் திருச்சிக்குத் தனியாகப் போனேன். அன்றைக்கு என்னவோ, பணம் கட்டி ஏழாம் வரிசையில் ஜன்னலோரம் எடுத்தேன்.

உட்கார்ந்து பெல்ட் மாட்டுவதற்குள் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. ஒருவருக்கு ஏழு, இன்னொருவருக்குப் பன்னிரண்டு. மாறிக்கொண்டேன். பன்னிரண்டில் கைக்குழந்தையோடு ஒரு தாய், அவள் கணவன் இருபத்தாறில். மறுபடி மாறினேன். இருபத்தாறாம் வரிசையின் நடு சீட்டில் போய் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சிரித்து முடிப்பதற்குள் ஒரு வாலிபர் வந்து தோளைத் தொட்டார்.

"அங்கிள், தனியாத்தானே வந்திருக்கீங்க? எங்க அம்மா பக்கத்துல உக்காரணும், கொஞ்சம் மாறிக்கிறீங்களா?"

இருபத்தெட்டாம் வரிசை

கிள்ளானில் லோரி ஓட்டும் மாணிக்கத்தின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு செராஸ். திருச்சிப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில்தான் தாலி கட்டவேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டவே இரண்டு வருடம் ஆனது. இரண்டு வீட்டாரும் ஒரே விமானம். பெண் வீட்டார் பதினொரு பேர். மாணிக்கம் என்னிடம் கேட்டார்: "அண்ணே, சீட்டுக்குக் கட்டலாமா?" நான் சொன்னேன்: "அந்தக் காசுக்குப் பூ வாங்குங்க."

புறப்படுவதற்கு முந்தின நாள் பகலில் போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பணம் கட்டி நான்காம், ஐந்தாம் வரிசையில் இருக்கிறார்கள். பெண் வீட்டாரைக் கணினி இருபத்தெட்டிலும் இருபத்தொன்பதிலும் கொண்டுபோய் வைத்துவிட்டது. மாணிக்கத்தின் அக்கா புஷ்பம் அதைப் பார்த்துவிட்டார். தாயில்லாத அந்தப் பெண்ணை மூன்று வயதிலிருந்து வளர்த்தவர் அவர்தான். "கல்யாணத்துக்கு முன்னாடியே நம்மள வால்ல கட்டிட்டாங்களா? நான் வரல" என்று பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாராம். அத்தை வராவிட்டால் நானும் போக மாட்டேன் என்று பெண் அழுகிறாள். இப்போதாவது பணம் கட்டி மாற்றலாம் என்று பார்த்தேன். முன்வரிசைகளில் ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

சிக்கனம் சொல்லிக்கொடுத்தவன் நான். போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்கவேண்டியது யாரு?"

"நாமதான். அதுக்கென்ன இப்ப?"

"அப்போ யாரு முதல்ல இறங்கி நிக்கணும்? அங்க பின்கதவையும் திறந்து படி போடுவாங்க. வால்ல இருக்கிறவங்க படபடன்னு இறங்கிடலாம். நான் காரணமாத்தான் மாத்தாம விட்டேன்."

கடைசி வாக்கியம் பொய். பின்கதவைச் சில நாள் திறப்பார்கள், சில நாள் திறக்கமாட்டார்கள் என்பதையும் நான் சொல்லவில்லை. மறுமுனையில் அலமாரிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"ஏண்ணே, பன்னீர்ச் செம்ப கைப்பையில கொண்டுபோக விடுவானுங்களா?"

மாப்பிள்ளை வீட்டு நடை

காலி செம்பைக் கைப்பையில் வைத்து, பன்னீரைச் சின்னச் சின்னப் புட்டிகளில் ஊற்றச் சொன்னேன். மறுநாள் காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வாங்கிவைத்த தே தாரிக் தேநீர் ஆடை கட்டிப்போனது. பின்கதவு மட்டும் திறக்காமல் போனால், புஷ்பம் அக்கா இருபத்தேழாம் வரிசைக்கும் பின்னால் செம்போடு நிற்பார். அங்கே சம்பந்தியம்மாள் இறங்கிப் போய்விட்டிருப்பார். அந்தக் கோபம் மணவறை வரைக்கும் போகும். "எதுக்கு அங்கிள் போனையே பாக்குறீங்க? அது என்ன முட்டையா, பொரிக்கிறதுக்கு?" என்றாள் மேனகா.

மத்தியானத்துக்கு முன் மாணிக்கம் பேசினார். இரண்டு கதவையும் திறந்தார்களாம். முன்னால் இருந்தவர்களும் அதே நேரத்தில் இறங்கியிருக்கலாம்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுவார்களா? தட்டுகளை எடுத்து, பட்டுப்புடவை மடிப்பைச் சரிசெய்து, நிதானமாக ஒவ்வொருவராக இறங்கினார்களாம். அதற்குள் புஷ்பம் அக்கா, முழங்கால் வலிக்காரர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். சம்பந்தியம்மாள் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கும்போது பதினொரு பேரும் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, அக்கா பன்னீர் தெளித்து, "வாங்க சம்பந்தி, நல்லா வந்தீங்களா?" என்றாராம், ஏதோ அந்த விமான நிலையமே கிள்ளான்காரர்கள் கட்டியதுபோல. ஒரு காவலர் வந்து என்ன ஏதென்று விசாரித்தார். அவர் மேலும் நாலு சொட்டு விழுந்தது. இரண்டு வருடத்தில் அந்த அம்மாள் பல் தெரியச் சிரித்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார் மாணிக்கம்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அடுத்த நாள் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு. மாப்பிள்ளையின் அம்மா.

"அண்ணே, திரும்பி வர்றப்ப கேஎல்ல மருமகளுக்கு நாங்கதான் ஆரத்தி எடுக்கணும், எவ்வளவு ஆனாலும் பரவால்ல, அந்த புஷ்பம் அக்காவுக்கும் பின்னாடி வரிசையா பாத்து எங்களுக்குப் போட்டுடுங்க."

இப்போதெல்லாம் யாராவது சீட்டுக்குக் காசு கட்டலாமா என்று கேட்டால், எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று நான் விசாரிப்பதில்லை, கூட வருவது சம்பந்தியா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.