மூன்று தண்ணீர் கழுவிய மீன்

குளிரைக் காசு கொடுத்து அனுபவிக்க வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையலறையை முப்பத்தொரு வருஷம் நடத்தியவள் நான். மேட்ரன் என்று பேர். விடியற்காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் விரலைக் கடிக்கும். அந்தத் தண்ணீரில் அரிசி களைந்து, காய் அலசி, என் விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனது. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?

ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வை போர்த்தினார்கள், ஒரு ஜெபம் சொன்னார்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்யப் பத்து நாள் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி என்ன மேட்ரன், மக வீட்ல பேத்தியப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்ல" என்றார்கள். கணவர் இறந்து பல வருஷமாயிற்று. ஒரே மகள், உள்ளூரில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் வேலை. மருமகன் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். பேத்திக்கு அப்போது ஒன்றேகால் வயது. கிழவி சும்மாதானே இருக்கப் போகிறாள், பிள்ளையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று என்னை ஒருத்தர் கேட்கவில்லை.

நான் கடற்கரைக்குப் போகிறேன் என்றேன். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். எங்கள் ஹாஸ்டலில் இருந்து மாற்றலாகிப் போன ஒரு சிஸ்டர் அங்கே எனக்கு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார். வெயில் அடிக்கிற இடத்தில், எனக்கு மட்டும் ஒரு சட்டி வைத்துச் சாப்பிட வேண்டும். வேறு ஆசை இல்லை. அதற்குப் பெயர் சுயநலமாம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது என் காதுபடவே சொன்னார்கள்.

மகள் மட்டும் சண்டை போடவில்லை. "சரிம்மா" என்றாள், அவ்வளவுதான். அதன்பிறகு எட்டு மாதம் போனில் "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா" என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். உறவே இப்படி விட்டுப்போய்விடுமோ என்று பயமும் இருந்தது. பயம் வரும்போதெல்லாம் ஆத்திரம் இன்னும் ஏறியது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பொங்கிப் போட்டவள் கடைசிக் காலத்தில் கொஞ்சம் வெயிலில் உட்கார்ந்தால் பெற்ற மகளுக்குப் பொறுக்காதா?

கடற்கரைக்குப் போன முதல் வாரம், பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு விளமீனைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் படகில் போகிறவர். அன்று காலையில் பிடித்த மீன், கண் பளபளவென்று இருந்தது. மீன் சமையலில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு. மலையில் மீன் என்றால், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில் ஐஸ் பெட்டியில் ஏறி வருவது. பிடித்து எத்தனை நாளானது என்று அந்த மீனுக்கே ஞாபகம் இருக்காது. அதனால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. கல்லுப்புப் போட்டு உரசி ஒரு தண்ணீர், மஞ்சள் போட்டு ஒரு தண்ணீர், வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து மூன்றாவது தண்ணீர். பிறகு எங்கள் மலையில் கவுஞ்சி ஊரில் விளைகிற காரமான பூண்டை ஒரு கை அரைத்து அப்பி, மொறுமொறுவென்று பொரித்துவிட வேண்டும். வாடை தெரியாமல் பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள்.

வினிகர் பாட்டிலைத் திறந்தபோது அவள் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா செய்யுதிய?"

"கழுவுறேங்க."

"அதான் நான் கழுவித்தான குடுத்தேன். என்னத்துக்குப் பொணத்தக் குளிப்பாட்டுத மாதிரி போட்டுக் குளிப்பாட்டுதிய? நாறிப்போன மீனுக்குல்லா இதெல்லாம் ஊத்துவாவ. எங்க வீட்டு மீனு நாறுதுன்னு சொல்லுதியளா?"

படக்கென்று திரும்பிப் போய்விட்டாள். இவள் யார் எனக்குச் சொல்ல என்று நானும் விடாமல் என் முறைப்படியே பொரித்தேன். ஒரு துண்டை வாயில் வைத்தேன். பூண்டும் புளிப்பும்தான் இருந்தது, மீனைக் காணோம். தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நானே அவள் வீட்டுக்குப் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவள், ஆனால் சொல்லிக்கொடுக்கும்போது தயவு தாட்சண்யம் கிடையாது. தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து, புளி கரைத்து, குழம்பு நன்றாகக் கொதித்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். போட்டபின் கரண்டி கூடாது. நான் பழக்கதோஷத்தில் கரண்டியை விட்டதும் கையில் ஒரு அடி விழுந்தது. துணியால் சட்டியின் கழுத்தைப் பிடித்து ஒரு சுழற்று, அதோடு சரி. இரண்டு கொதியில் இறக்கியாக வேண்டும். அறுபது வயதில் அடி வாங்குகிறேனே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டேதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் தனியாக வைத்தேன். விண்டால் இதழ் இதழாகப் பிரிந்தது, தொண்டையில் ஒரு இனிப்பு. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இது இப்படி இருக்கும் என்றே தெரியாமல் முப்பத்தொரு வருஷம் வினிகரைச் சமைத்துப் போட்டிருக்கிறேன். சோற்றைப் பிசைந்தபடியே அழுதேன்.

பேத்தியின் இரண்டாவது பிறந்தநாள் வந்தது. விடிவதற்கு முன் கரைக்குப் போய் நாலு விளமீன் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மதுரையில் கொடைக்கானல் பஸ்ஸில் பெட்டியை வைத்ததும் கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, டூரிஸ்ட்டெல்லாம் வர்ற வண்டி. நாத்தம் அடிக்கும்ல?"

"மோந்து பாருங்க. நாறுனா நான் எறங்கிக்கிறேன்" என்றேன். அவர் மோந்து பார்க்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மலை ஏறுகிற வரை பெட்டியை மடியில்தான் வைத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. மகள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். தூக்கப் போனால் பேத்தி என்னை யாரோ என்று பார்த்துவிட்டு வீறிட்டு அழுதாள். மகள் மீன் பெட்டியை உள்ளே எடுத்துப் போனாள். பேத்தியை அரை மணி நேரம்போலத் தோளில் போட்டுச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து வினிகர் வாடை வந்தது. பிள்ளையை இறக்கிவிட்டு ஓடினேன். மூன்றாவது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் நாலு மீனும் வெளுத்துக் கிடந்தன.

"ஏன்டி, அறிவிருக்கா ஒனக்கு? காலைல கடல்ல கெடந்த மீனுடி இது!"

"நீதானம்மா இப்பிடிக் கழுவச் சொன்ன. பத்து வயசுல ஸ்டூல் மேல ஏத்தி நிறுத்திச் சொல்லிக் குடுத்த."

"அது நாறுற மீனுக்கு!"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீ புதுசாக் கத்துக்கிட்டத எங்கிட்டச் சொன்னியா?"

"எட்டு மாசமா நீ எங்கிட்ட வாயத் தொறந்தாத்தான சொல்றதுக்கு? அப்பிடி என்ன பெரிய தப்புப் பண்ணிட்டேன் நான்?"

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மழைக்காலத்துல எனக்கு டைஃபாய்டு. ஒம்பது நாள் பெட்ல கெடந்தேன். பிள்ளைய பக்கத்து வீட்டு பாயம்மாதான் பாத்துக்கிட்டாங்க. அவுங்கதான் கஞ்சியும் குடுத்து விட்டாங்க."

"ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன். பெற்றவளுக்குச் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்ததா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் நான் ஓய்கிற வரை காத்திருந்தாள்.

"சொன்னா வந்திருப்ப."

"வராம?"

"வந்தா திரும்பிப் போயிருக்க மாட்டம்மா. ஒன்னைய யாரும் விட்டிருக்க மாட்டோம். நானுந்தான் விட்டிருக்க மாட்டேன். நீ போனதுல எனக்குக் கோவம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா போன்ல ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுனா, வாம்மான்னு அழுதிருவேன்னு பயம். அதான் வெரசா வச்சுருவேன்."

எட்டு மாதமாக நான் திட்டித் தீர்த்தது இவளைத்தான். என்மேலேயே எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் அவளிடமே காட்டினேன்.

"இன்னொரு வாட்டி காய்ச்சல்னு வந்து எங்கிட்டச் சொல்லாம இருந்து பாரு, ஒன்னையக் கொன்னே போட்டுருவேன்."

"சொல்றேம்மா" என்றாள் மகள். "ஆனா காய்ச்சல் விட்டதும் நீ பஸ் ஏறிரணும்."