நிச்சயதார்த்தத்தன்று செய்த சவரம்

மரக்காணத்தில் செவ்வாய்க்கிழமை எந்த சலூனும் திறக்காது. இது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். என் ஒரே மகளுக்குப் புதன்கிழமை காலை நிச்சயதார்த்தம் என்பதும் நாள் குறித்த அன்றே தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. திங்கட்கிழமை மனைவி, "தாடியை எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொன்னபோது, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பிப் போனவன் நான்.

நிச்சயதார்த்தத்தில் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. மண்டபம் என் அண்ணன் பேசி முடித்தது. சமையல் ஆள் அண்ணன் சொன்ன ஆள். மாப்பிள்ளை வீடே அண்ணன் கொண்டுவந்த இடம்தான், பாண்டிச்சேரியில் நல்ல வசதி. அண்ணன் ஈசிஆர் ஓரத்தில் மனை வாங்கி விற்கிறவர். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்து நான் பார்த்ததில்லை. நான் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து, பாத்தியோடு பாத்தியாக வெயிலில் காய்கிறவன். ஆனால் சபை நடுவில் நின்று, வெற்றிலை பாக்கு வைத்த தட்டைச் சம்பந்தியிடம் கொடுத்து அவர் தட்டை வாங்கிக்கொள்வது பெண்ணைப் பெற்றவன் வேலை. அதை எனக்குப் பதிலாக யாரும் செய்துவிட முடியாது என்று ரொம்ப தைரியமாக இருந்தேன்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் எழுந்தால், வீட்டில் குளியலறை வாசலில் சொந்தக்காரர்கள் துண்டோடு வரிசை கட்டி நிற்கிறார்கள். ஒரு பெட்டிக்கடையைத் திறக்கச் சொல்லி ரேசர் ஒன்று வாங்கிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக் கொட்டகைக்கே போய்விட்டேன். அங்கே ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் இருந்தது. குளிக்கிற சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு, அவசரத்தில் கீழிருந்து மேலாக ஒரே இழு. ரெண்டு வாரத் தாடி, மலிவு ரேசர். கன்னத்தில் மூன்று இடம், தாடையில் ஒரு இடம், ரத்தம் பொட்டு வைத்த மாதிரி வந்தது.

சரி, படிகாரம் தேய்த்தால் நிற்கும். ஜன்னல் மேல் எப்போதும் ஒரு படிகாரக் கட்டி இருக்கும். கையை நீட்டினேன், கிடைத்தது, தேய்த்தேன்.

எரிந்தது. படிகாரம் எரியத்தானே செய்யும் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல படிகாரம், வேலை செய்கிறது என்று சந்தோஷமாகக் கழுத்து வரைக்கும் இறங்கினேன். உதட்டோரம் வழிந்தது நாக்கில் பட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. பாத்தி ஓரத்தில் வாராமல் விட்ட இடத்தில் விளைந்திருந்த பெரிய உப்புக் கட்டி ஒன்றை, வியாபாரிகளிடம் காட்டிப் பெருமையடிப்பதற்காக நானே எடுத்து அதே ஜன்னலில் வைத்திருந்தேன். இருபத்தைந்து வருஷமாக உப்பு விளைவிக்கிறவனுக்கு உப்பு எது, படிகாரம் எது என்று கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை.

பதறிப்போய், காலடியில் இருந்த வாளியில் முகத்தை முக்கினேன். பாட்டில் தண்ணீர் காலியாகியிருந்தது. வாளியில் இருந்தது பாத்திக்கு இறைக்கிற போர்வெல் தண்ணீர். அது கடலை விட உப்பு.

நான் போட்ட சத்தத்தில், உப்பு வார வந்த பெண் ஒருத்தி பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாண்ணே, மூஞ்சியை உப்புக்கண்டம் போட்டுட்டியா?"

"சிரிக்காத. எரியுது."

"எரியாம? காய வெச்சா சாயங்காலம் வறுத்துடலாம்."

மற்ற நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு நானே கைதட்டியிருப்பேன். அவள் குடத்திலிருந்து நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, "தயிர் தடவுண்ணே. இல்லைனா கத்தாழை. இல்லைனா சும்மா உடு, தானா அடங்கிடும்" என்றாள். சும்மா விடுகிற ஜென்மமா நான்?

வண்டியில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கடல் காற்று முகத்தில் அறைந்தது. வந்ததும் தயிர் தடவினேன். கொஞ்சம் குளிர்ந்தது. அந்தக் கொஞ்சம் எனக்குப் போதவில்லை. தீப்புண்ணுக்குப் பற்பசை தடவுவார்கள் என்று எப்போதோ கேட்ட ஞாபகம், அதையும் தடவினேன். அப்புறம் அண்ணன் பையில் இருந்த ஆஃப்டர் ஷேவ் கண்ணில் பட்டது. விலை உயர்ந்த சாமான், நல்லது செய்யாமலா போகும்? உள்ளங்கை நிறைய ஊற்றி ரெண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டேன். அந்த அலறலில் வரிசையில் நின்ற சொந்தக்காரர்கள் கலைந்துபோய், குளியலறை எனக்கு முதல் ஆளாகக் கிடைத்தது. அந்த வகையில் லாபம்.

கடைசியில் மனைவி தொட்டியிலிருந்து கற்றாழை மடல் ஒன்றை ஒடித்து, தோலைச் சீவி, நாலைந்து தரம் கழுவி, உள்ளே இருந்த சோற்றை எடுத்துத் தடவிவிட்டாள். அப்போதுதான் எரிச்சல் அடங்கியது. ஆனால் சிவப்பு அடங்கவில்லை. கன்னம், தாடை, கழுத்து எல்லாம் குருணை குருணையாகத் தடித்துக்கொண்டது. பட்டு வேட்டி, சந்தனக் கலர் சட்டை, நடுவே தக்காளி.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் பார்த்தது. அந்தம்மா பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகத்தான் கேட்டது. ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இன்னாங்க, பொண்ணோட அப்பாவுக்கு அம்மை போட்டிருக்குதா?"

எங்கள் பக்கம் அம்மை கண்டவன் வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டு உள்ளே படுத்திருக்க வேண்டும். சுபகாரியத்தில் காலெடுத்து வைக்கக் கூடாது. என்னைச் சுற்றி நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்து, சட்டைக்குள் குனிந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டேன் என்றால் என் பயத்தின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு வழியில்லை. சபை நடுவில் நின்று நடந்ததைச் சொன்னேன். சலூன் லீவு, ரேசர், உப்புக் கட்டி, வாளி, ஆஃப்டர் ஷேவ், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்து, நடித்தும் காட்டினேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. சம்பந்தி என் தோளைத் தட்டி, "செம ஆளுங்க நீங்க" என்றார். அம்மை இல்லை என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். பிரச்சனை தீர்ந்தது என்று தட்டை எடுக்க மேடைப் பக்கம் நடந்தேன்.

மகள் மேடையிலிருந்து குனிந்து, என் காதருகே சொன்னாள்.

"ப்பா, நீ உக்காந்துக்கோ. பெரியப்பா மாத்தட்டும்."

"அதான் அம்மை இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சேம்மா."

"இல்லப்பா... போட்டோ வீடியோ எல்லாம் எடுக்குறாங்க. பெரியப்பா நின்னா நல்லா இருக்கும்."

மனைவியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அண்ணன், "டேய், இந்த முகத்தை வெச்சிக்கிட்டு சிரமப்படாத, நான் பார்த்துக்குறேன்" என்று ஏற்கெனவே கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொன்னது என் காதில் விழவில்லை. முன்கூட்டியே பேசி வைத்ததா, அந்த நிமிஷத்தில் தோன்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன் தட்டை நன்றாகத்தான் மாற்றினார். கேமராக்காரர் சொன்னதற்காக இன்னொரு முறையும் மாற்றினார். பக்கத்தில் இருந்தவர், "உப்புக் கதையை இன்னொரு வாட்டி சொல்லுங்க சார், இவரு கேக்கல" என்று தன் மச்சானை என் பக்கம் திருப்பினார். சொன்னேன். முன்பைவிட நன்றாகவே வந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் மகள், ஜூஸ் போடுகிற இடத்திலிருந்து ஐஸ் கட்டிகளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. கன்னத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"இன்னும் எரியுதாப்பா?"

கற்றாழை தடவிய போதே எரிச்சல் அடங்கிவிட்டிருந்தது.

"எரியுதும்மா," என்றேன். "மட்ட ரேசர்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு ஐஸ் கட்டி எடுக்கப் போனாள்.