பின்சீட்டில் அம்மா

அம்மாவின் கருமாதி முடிந்து சில மாதங்கள் கழித்து, அப்பாவை அழைத்து வர எங்கள் ஊரான சாஆவுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்திருந்தார். "உங்கப்பா தனியா பேசிக்கிட்டு இருக்காரும்மா. ரெண்டு தட்டு வெச்சு சோறு போடுறாரு. பாக்கவே பயமா இருக்கு லா."

அப்பாவின் துணிப்பையைக் காரில் வைத்துவிட்டு வந்தபோது, அவர் பின்கதவைத் திறந்து ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். யாரோ ஏறி உட்காரும் நேரம் வரை காத்திருந்தார். பிறகு குனிந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டி, கதவை மெதுவாகச் சாத்தினார்.

"யாருக்குப்பா?"

"உங்கம்மாவுக்குத்தான். முன்னாடி உக்காந்தா அவளுக்குப் பயம், தெரியும்ல."

அவர் முன்னால் ஏறிக்கொண்டார். வழியெங்கும் செம்பனைத் தோட்டங்கள். நல்ல வெயில். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். வெறும் சீட்டின் மேல் பெல்ட் தொய்ந்து கிடக்கவில்லை. ஓர் உடம்பை அணைத்திருப்பதுபோல் சற்று மேடாக நின்றது. ஏதோ மடிப்பு விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய பிறகு மறுபடி பார்க்கத் துணியவில்லை.

எங்கள் வீடு பெர்மாஸ் ஜெயாவில். அங்கே நானும் என் கணவரும் மட்டும்தான். குழந்தை இல்லை. அவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இருட்டியபிறகுதான் வருவார். வந்தால் எந்த நேரத்தில் எதற்குக் கோபம் வரும் என்று தெரியாது. அம்மா இறந்த அடுத்த மாதம், அவர் அழைத்தபோது நான் போனை எடுக்கவில்லை என்பதற்காக, கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை என் இடது கையில் கவிழ்த்தார். கெட்டில் கை நழுவிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலும் அதையேதான் சொன்னேன். அம்மா இருந்திருந்தால் அவரிடம் மட்டும் சொல்லியிருப்பேன். அவர் இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோய் என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். இல்லாதவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிவார்கள், எதிர்த்துப் பேசாதீர்கள் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. அப்பா, "பாத்து போம்மா, அம்மா கால நீட்டியிருக்கா" என்றால், வெறுந்தரையைச் சுற்றிக்கொண்டு போவேன். நாளாக நாளாக, அவர் சொல்லாமலே நான் சுற்றிப் போக ஆரம்பித்தேன். ஒரு மத்தியானம் நாற்காலியின் முதுகில் ஒரு துண்டை விரித்து வைத்திருந்தார். "குளிச்சிட்டு வந்திருக்கா. தலையில தண்ணி சொட்டுது" என்றார். துண்டு ஈரமாக இருந்தது. அப்பாவே நனைத்திருக்கலாம். ஆனால் அவர் கைகள் உலர்ந்திருந்தன. குளியலறையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீன் குழம்பு. அப்பா முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"மாப்பிள்ள, இவ ஒண்ணு கேக்கச் சொல்றா."

"யாரு மாமா?"

"என் பொண்டாட்டி. பிள்ள கையில ஏன் சுடுதண்ணிய ஊத்துனீங்கன்னு கேக்கறா."

என் கணவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அப்பாவின் குரலில் கோபமே இல்லை. கடையில் மீன் என்ன விலை என்று விசாரிப்பதுபோல் கேட்டார்.

"ஊத்திட்டு, மிச்சமிருந்த தண்ணியில காப்பி கலக்கி, நின்னுக்கிட்டே குடிச்சீங்களாமே. பிள்ள பைப்படியில கையப் புடிச்சிக்கிட்டு அழுதிச்சாமே."

அன்று நடந்தது அப்படியேதான். காப்பியைக் குடித்து முடித்து, குவளையை அலம்பி வைத்துவிட்டுத்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அப்போது வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"இப்ப எங்க இருக்காங்க?" என் கணவர் கேட்டார்.

"உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கிறா."

அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சமையலறை வாசலில் தொங்கும் பாசிமணித் திரை, காற்றில்லாமலே, யாரோ இப்போதுதான் ஒதுக்கிக்கொண்டு வந்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதான உங்கப்பாகிட்ட சொன்ன?"

"நான் சொல்லல."

"அப்புறம் எப்படித் தெரியும்? இந்த வாரத்துக்குள்ள அவர முதியோர் இல்லத்துல கொண்டு போய் விடு. இல்லாட்டி நான் விட்டுட்டு வர்றேன்."

அவர் பயந்துபோயிருந்தார். பயத்தில்கூட அவருக்கு வருத்தம் வரவில்லை என்பதை அப்போது பார்த்தேன். வாசலில் அம்மா நின்றாரோ இல்லையோ, என் கைக்கு நடந்ததை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இனிமேல் கெட்டில் நழுவியது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் துணிகளை எடுத்துக்கொண்டு, அப்பாவோடு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். புகார் எழுதிய மலாய்க்காரப் பெண் போலீஸ் என் சட்டைக் கையை மெதுவாக மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, "சாக்கித் லாகி?" என்று கேட்டார். இன்னும் வலிக்கிறதா என்று. ஆமாம் என்றேன். அங்கேதான் முதல் தடவையாக அழுதேன்.

அன்றே சாஆவுக்கு வந்துவிட்டோம். வழக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு வழியாக முடிந்தது. என் கணவரின் அண்ணன் வந்து சமாதானம் பேசினார். நான் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. விரல்கள் முழுதாக மடங்காவிட்டாலும் கரண்டி பிடிக்க முடிகிறது.

சாஆவுக்கு வந்தபிறகு அப்பா அம்மாவோடு பேசுவது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலையில் வீட்டை ஒவ்வோர் அறையாகத் தேடிவிட்டு என்னிடம் வந்தார்.

"உங்கம்மா எங்கம்மா? காணோமே."

நானும் சுற்றிலும் பார்த்தேன். வீடு வெறும் வீடாக இருந்தது. அந்த வெறுமை, பெர்மாஸ் ஜெயா வீட்டில் பட்ட பயத்தைவிட என்னை அதிகமாக உலுக்கியது.

"செத்துட்டாங்கப்பா," என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். சாவு வீட்டில்கூட அவர் அழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலைக்குப் போகவில்லை.

இப்போதும் எப்போதாவது கேட்பார். கேட்கும்போதெல்லாம் அவருக்கு அது புதுச் செய்தி. அதனால் செத்துவிட்டார் என்று சொல்வதை விட்டுவிட்டேன். அவரை உட்காரவைத்து அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்கிறேன். போன வாரம், நாங்கள் மெர்சிங் கடற்கரைக்குப் போனதைச் சொன்னேன். அம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, அலை வரவர பின்னால் ஓடியதை, தீவுக்குப் போகும் படகில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்ததை. அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்படியா?" என்றார். "நல்ல பொம்பளையா இருந்திருப்பா போல."