சதுப்பின் கரை சரிந்த கதை

ஊரில் அவளைப் படகுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கழிமுகத்துச் சதுப்பு நிலத்துக்கு வரும் ஆராய்ச்சிக்காரர்களை ஏற்றிப் போவது அவள் பிழைப்பு. கணவர் ஊர்ச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் மோட்டார் இயக்குகிறவர்.

"நான் சேத்து வாடையோட வரேன், நீங்க அந்த வாடையோட வரீங்க. நம்ம வாசலை எந்த விருந்தாளி மிதிப்பான்?" என்று கேலி செய்வாள்.

அந்த வருடம் சதுப்புப் புல் இடுப்பளவு வளர்ந்து கண்ணைப் பறித்தது. படகுக்காரிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா மேடம், எப்படி மதமதன்னு நிக்குது!" என்று மண் ஆராய்ச்சி செய்ய வந்த பெண்ணிடம் காட்டினாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. குழாயைச் சேற்றில் இறக்கி ஒரு கட்டியை எடுத்து உடைத்தாள்.

"வேரைப் பாருங்கக்கா, இருக்கா இல்லையான்னு இருக்கு. சாக்கடைத் தண்ணியில தழைச்சத்து கொட்டிக் கிடக்குது. வாய்கிட்ட சாப்பாடு வந்தா புல்லு ஏன் கீழ வேரை அனுப்பித் தேடணும்? மேலதான் சதை போடுது. கரையைப் பிடிச்சு நிறுத்தறது வேருதான்."

"இந்தக் கறுப்புச் சேறு?"

"எத்தனையோ தலைமுறைப் புல்லு, மக்காம கிடக்குது. காத்துல இருக்கற கரியமில வாயுவில இருந்து அது உறிஞ்சின கரியெல்லாம் இதுக்குள்ளதான் அடைஞ்சு கிடக்கு. இப்ப வர்ற சத்து, மண்ணுல இருக்கற கிருமிங்களுக்குப் பசியைக் கிளப்பி இதையும் தின்ன வைக்குது. தின்னா, கரி மறுபடி காத்துக்கே போயிடும்."

மழை பெய்தால் நிலையத்துத் தொட்டி நிரம்பும். நிரம்பினால் மதகைத் திறந்து சுத்திகரிக்காத சாக்கடையை அப்படியே சதுப்பில் விட வேண்டும். திறப்பது அவள் கணவர் கைதான்.

"திறக்காதீங்களேன்" என்றாள் வீட்டில்.

"அப்புறம் தண்ணி எங்க போகும்? பள்ளத்துல இருக்கற வீடுங்களுக்குள்ள போகும். உன் தங்கச்சி பிள்ளைங்க படுக்கற ரூமுக்குள்ள போகும்."

இருந்தாலும் அவர் இன்னொரு தொட்டி வேண்டும் என்று இன்ஜினியரிடம் நடையாய் நடந்தார். "மேல சொல்லியிருக்கேன்ப்பா" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் திரும்பினார்.

மழைக்காலம் பாதி போயிருந்தது. ஒரு காலை, ஆராய்ச்சிப் பெண் படகிலிருந்து கரையில் கால் வைத்தாள். தொம்மென்று ஒரு சத்தம். ஒரு அறை அளவு கரை, புல்லோடு அப்படியே பிளந்து வாய்க்காலில் இறங்கியது. படகுக்காரி பாய்ந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். தண்ணீரில் அந்தத் துண்டு புல் நிமிர்ந்தபடியே மிதந்து போனது, பச்சை கொஞ்சமும் குறையாமல். சற்றுத் தள்ளி இன்னொரு கரையும் சரிந்தது.

"இனி என்ன மேடம் செய்யறது?"

"சத்து வர்றதை நிறுத்தணும். நிறுத்தினாலும் போன சேறு திரும்பச் சேர நம்ம ஆயுசு போதாதுக்கா."

படகுக்காரி துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். எதற்காக அழுகிறாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த வாரமே மறுபடி மழை பிடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்கு நிலையத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"தொட்டி நிரம்பிடுச்சாம். பள்ளத்துல தண்ணி ஏற ஆரம்பிச்சிடுச்சாம்."

அவள் எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த மழைக்கோட்டை எடுத்து வந்து, அவர் கை நுழைக்க வாகாக விரித்துப் பிடித்தாள்.

"வழுக்கும். பார்த்துப் போங்க."