மூன்றாம் நாள் உபயம்

ரவாங் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தியான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எது வந்தாலும் தள்ளி நின்று பார், உனக்கென்று எடுத்துக்கொள்ளாதே என்பதுதான் அங்கே பாடம். தொழிற்சாலையில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க யாராவது திட்டுவார்கள். வகுப்பில் சேர்ந்த பிறகு எந்தத் திட்டும் உறைக்கவில்லை. பக்குவம் வந்துவிட்டதென்று மிதப்பாகத் திரிந்தேன்.

கெர்லிங் பக்கம் நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், திருவிழாவின் மூன்றாம் நாள் உபயம் எங்கள் குடும்பத்துடையது. அன்று பூசாரி அப்பாவின் தலையில் பரிவட்டம் கட்டுவார். மற்ற நாளெல்லாம் கணக்கெழுதும் கிராணிக்கும் வேலை வாங்கும் மண்டோருக்கும் குனிந்த தலை அது. பால்மரம் சீவிய மனிதருக்கு வருடத்தில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

போன வருடம் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில், அந்த நாளை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டதாகக் கோயில் செயலாளர் சொன்னார்.

“நீங்கதான் தோட்டத்த விட்டுப் போயிட்டீங்களே லா. இங்க இருக்கிறவங்களுக்கும் ஒரு நாளு வேணும்ல.”

கூட்டத்தில் குடும்பத்துக்காக மூத்த மகன்தான் எழுந்து பேச வேண்டும். பின்வரிசையிலிருந்து அப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் படித்ததுபோலக் கோபத்தைக் கவனித்தேன், மூச்சைக் கவனித்தேன். கோபம் அடங்கியது. அதற்குள் செயலாளர் பந்தல் விஷயத்துக்குப் போய்விட்டார். வெட்கக்கேடு என்னவென்றால், அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும்போது காரில் அப்பா கேட்டார்: “ஏன்டா வாயத் தொறக்கல?”

“அவங்க பேசுனத நம்ம மேல எடுத்துக்கக் கூடாதுப்பா. பாத்துட்டு விட்டுடணும்.”

“அந்த நாளு என்னோடது. அத விட்டுக்குடுக்க நீ யாரு?”

வீடு வரும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

திருவிழாவுக்கு அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எனக்கு முன்பே வேட்டி கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார். “சாமி என்னா தப்பு பண்ணுச்சி?” என்றார்.

பூசை முடிந்ததும் பூசாரி, “மூணாம் நாள் உபயக்காரங்க வாங்க” என்று கூப்பிட்டார். அத்தனை வருடப் பழக்கத்தில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய், தலை குனிந்து நின்றார். பூசாரி பட்டுத் துணியைக் கையில் வைத்தபடி செயலாளரைப் பார்த்தார். பக்கத்தில் புது உபயக்காரரும் வந்து நின்றார். அப்பாவுக்கு அது தெரியவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே காத்திருந்தது.

எனக்கும் அவருக்கும் நான்கு எட்டுதான் தூரம். போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கலாம். அவருக்கே கட்டுங்கள் என்று சண்டை போட்டிருக்கலாம். கால் எழவில்லை. இதைப் பக்குவம் என்று சொல்ல என்னாலேயே முடியவில்லை. வெறும் பயம். வகுப்புக்கு முன்பும் என்னிடம் இருந்த பயம்தான்.

“பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார் செயலாளர்.

அப்பா நிமிர்ந்தார். வெறுந்தலையைக் கையால் தடவிக்கொண்டே திரும்பி வந்தார். அவர் நிற்கப் பக்கத்தில் இடம் விட்டு விலகி நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், முன்பின் தெரியாத கூட்டத்தோடு நின்றுகொண்டார்.