மூணாங்கிளாஸ் பாஸ்

பி.எஸ்ஸி. பரீட்சையில் நான் மூன்றாம் வகுப்பில் தேறினேன். இன்றைக்கு இதை ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. அன்றைக்குத் தென்காசியில் ஒரு ஜீவனுக்கும் இதைப் புரியவைக்க என்னால் ஆகவில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. மெட்ராஸ் பத்திரிகை எங்கள் ஊருக்கு மறுநாள்தான் வந்து சேரும். அப்பா அதை வாசலில் நின்றபடியே விரித்து, பொடி எழுத்து நம்பர்களுக்குள் கண்ணை ஓட்டி, முதல் வகுப்பில் தேடி, இரண்டாம் வகுப்பில் தேடி, கடைசியில் ஒருவழியாக என் நம்பரைக் கண்டுபிடித்தார். "மூணாங்கிளாஸ்ல பாஸ்" என்று வீட்டுக்குள் பார்த்துச் சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் 'மூணா' மட்டும் விழுந்தது. மிச்சத்தைக் கடுகு வெடித்த சத்தம் தின்றுவிட்டது. கரண்டியும் கையுமாகத் தெருவுக்கு ஓடி, "எம் மவ மாகாணத்துலயே மூணாவதா வந்திருக்கா!" என்று சொல்லிவிட்டாள். மாகாணம் என்பதை அவளாகவே சேர்த்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கோயில் மொட்டைக் கோபுரத்தடியில் கடை போட்டிருந்த பூக்காரி வரைக்கும் சேதி போய், எனக்கு ஒரு முழம் பிச்சிப்பூ இனாமாக வந்து சேர்ந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன்.

"அம்மா, மூணாவது இல்ல, மூணாங்கிளாஸ். முதல் கிளாஸ் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ ரெண்டாங்கிளாஸ். அதுக்கும் கீழ மூணாங்கிளாஸ். அதுக்குக் கீழ பெயில்."

அம்மா விரல் விட்டுப் பார்த்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்ப மூணாவதுதானட்டி?"

தலையில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

சுரண்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, வேறு விதமாகப் புரிந்துகொண்டு வந்து நின்றார். "என்னக்கா இது! இத்தனை வருசம் பட்டணத்துல வச்சுப் படிக்க வச்சு மூணாங்கிளாஸா பாஸ் பண்ணியிருக்கா? நம்ம கடைல எடை போடுதவனே அஞ்சாங்கிளாஸ்லா!" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். ஒரு பக்கம் ஊர் என்னை உச்சாணியில் ஏற்றியது, இன்னொரு பக்கம் மாமா என்னைச் சிலேட்டுப் பிடிக்க அனுப்பினார். நான் இருந்த இடம் இரண்டுக்கும் நடுவில். அது யாருக்குமே சுவாரசியமாகப் படவில்லை.

ஏன் மூன்றாம் வகுப்பு என்று கேட்பீர்கள். பௌதிகம். இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். ரசாயனமும் லேசுப்பட்டதில்லை, உப்பு எது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் நான் கண்டுபிடித்ததெல்லாம் கண்ணாடிக் குழாய் எவ்வளவு சூட்டில் வெடிக்கும் என்பதுதான். ஆனால் விலங்கியல் வேறு. தவளையை மல்லாத்திப் பலகையில் ஊசி குத்தி, கத்தரியை எடுத்தேனென்றால் எனக்குப் பசி தெரியாது, மணி அடித்தது தெரியாது. பக்கத்து மேஜைக்காரிகள் நரம்பை அறுத்துவிட்டு மூக்கைச் சிந்தும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மேஜையில் நிற்கும்போதுதான் நான் டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு எதற்கும் என் மனசு அப்படித் துடித்ததில்லை.

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். அப்பா தடுக்கவில்லை. "கிடைச்சா படி. கிடைக்கலைன்னா ராயகிரி" என்றார். ராயகிரி என்றால் அங்கே இருந்த ஒரு மாப்பிள்ளை. போலீஸ் உத்தியோகம், நஞ்சை புஞ்சை, நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, பார்த்ததுகூட இல்லை. ஆனால் ராயகிரி என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் என் கையிலிருந்து யாரோ கத்தரியைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் காவல் இருந்தவர் அப்பாவிடம் வந்து, மெட்ராஸிலிருந்து பெரிய டாக்டரம்மா ஒருத்தர் வந்து இறங்கியிருப்பதாகவும், டாக்டர் படிப்புக்குப் பிள்ளைகளைப் பொறுக்குகிற கமிட்டியில் அவரும் உண்டு என்றும் சொன்னார். அப்பா அதைக் கேட்டுவிட்டு வழக்கம்போல் வயலுக்குப் போனார். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

"எங்க கிளம்புதே?"

"குத்தாலத்துக்கு. குளிக்க."

"சிபாரிசுக்குத்தானே? நான் வரமாட்டேன். மானக்கேடு!"

"குளிக்கதுல என்னட்டி மானக்கேடு? குளிக்காம இருந்தாத்தான் மானக்கேடு. வெரசாக் கிளம்பு."

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிய காலம். பாதி வழியில் எங்கள் பஸ் மூச்சு வாங்கி நின்றது. கண்டக்டர் இறங்கி, பின்னால் இருந்த அடுப்பைக் கிளறி, விசிறியைச் சுற்றி, கரி பூசிய முகத்தோடு ஏறி வந்தார். அதற்குள் அம்மா பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் மூணாவது கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அருவிக்குக் கீழே யார் மகாராணி, யார் பாத்திரம் தேய்க்கிறவள் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லோரும் மாரில் முடிந்த நனைந்த சேலையும், முகத்தில் வழிகிற எண்ணெயுமாகத்தான் நிற்பார்கள். இந்த ஒரு விஷயத்தை யோசிக்காமல் அம்மா கிளம்பி வந்துவிட்டாள். கொஞ்ச நேரம் முழித்தாள். அப்புறம் கூட்டத்திலேயே சிவப்பான, பருமனான, இரண்டு வேலைக்காரிகள் புடைசூழ வந்த ஒரு அம்மாளைத் தேர்ந்தெடுத்தாள்.

"பார்த்தாலே டாக்டர்னு தெரியுதுல்லா?" என்றாள் என்னிடம்.

போன வேகத்தில் அந்த அம்மாளின் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். கிண்ணத்தை வைக்க இடமில்லை. பக்கத்தில் ஒல்லியாக, கறுப்பாக, சாயம் போன நூல் சேலையோடு ஒருத்தி தனியே நின்றாள். அவளையும் வேலைக்காரி என்றே எடுத்துக்கொண்டு, "ஏட்டி, இந்தக் கிண்ணத்தைச் செத்தப் பிடி" என்று அவள் கையில் திணித்தாள். அவளும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அருவிச் சத்தத்தில் கத்தினால்தான் காதில் விழும். அம்மா கத்தினாள். "எம் மவ மூணாவதா பாஸ் பண்ணியிருக்கா! பார்த்து ஒரு வழி பண்ணணும்!"

கிண்ணக்காரி என்னைப் பார்த்து, "மூணாவதா? எதில்?" என்றாள்.

எனக்கு அன்றைக்குப் பொறுமை அற்றுப்போயிருந்தது. அருவியையும் மீறிக் கத்தினேன். "மூணாவதும் இல்ல, ஒண்ணும் இல்ல! பி.எஸ்ஸி.ல மூணாங்கிளாஸ்! கடைசிக் கிளாஸ்!"

மூணாங்கிளாஸ் என்பது மட்டும் பருமனான அம்மாளுக்கு நன்றாகக் கேட்டுவிட்டது. சந்தோஷமாகத் திரும்பினாள். "அதுக்கென்ன ஆச்சி, எங்க காரைக்குடிப் பக்கத்திலேயும் பொம்பளைப் பிள்ளைகளை மூணாங்கிளாஸோட நிப்பாட்டிருவோம். அது போதும்" என்றாள்.

அம்மாவின் கை அப்படியே அந்தத் தலையில் நின்றது. "நீங்க டாக்டரம்மா இல்லியா?"

"நானா? எங்க வீட்டுல பர்மாவில கடை இருந்துச்சு. சண்டை வந்து எல்லாம் போச்சு" என்று அந்த அம்மாள் சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது? ஆனால் அருவியில் எல்லோரும் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள்.

அம்மாவுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பாறையில் சாய்ந்தாள். கிண்ணம் பிடித்திருந்த ஒல்லிக்காரி அதைப் பார்த்துவிட்டு அருகில் போனாள். "இடுப்பு வலியா?" என்று கேட்டாள்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். வேலைக்காரிதானே, நாளைக்கு யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். என் கடைசித் தம்பி பிறந்ததிலிருந்து அடிவயிறு கீழே இறங்கிவிழுகிற மாதிரி இருப்பதை, குடம் தூக்கினால் உயிர் போவதை, நின்றால் இழுப்பதை, உட்கார்ந்தால் குத்துவதை, இன்னும் நான் இங்கே எழுத முடியாத பலதையும் சத்தம் போட்டுச் சொன்னாள். ஒல்லிக்காரி இடையிடையே ஏதோ கேட்டாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆமா, ஆமா, அதேதான்" என்றாள். ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் எனக்கு எதுவும் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்றுவிட்டேன். தவளையின் வயிற்றில் எது எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் நான். பெற்றவள் வயிற்றில் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அருவியில் நின்றதால் நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை.

"ஒரு டாக்டரிடம் காட்டுங்க" என்று சொல்லி, கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நான் பிடித்த பிடியில் அப்பா டாக்டரை வரவழைத்தார். எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், டாக்டர் வந்தால் பெண்கள் அறைக்குள் போய்விடுவார்கள். டாக்டர் கூடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்பார். அப்பா பதில் சொல்வார். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வியாதி வாயு. "வாயுதான்" என்றார். டாக்டரும் வாயுவுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் காபி சாப்பிட்டுப் போனார். நான் குறுக்கே பேசியதற்கு, "சின்னப் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியக்கூடாது" என்று பதில் கிடைத்தது.

அப்புறம் மெட்ராஸில் இண்டர்வியூ. அப்பா கூட்டிக்கொண்டு போனார். நீள மேஜைக்குப் பின்னால் வரிசையாகப் பெரியவர்கள், நடுவில் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் என் மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "தேர்ட் கிளாஸ்?" என்றார்.

மேஜையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அதை இந்தப் பெண் மறைக்கவில்லை. ஒரு அருவிக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள்."

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாலும், பட்டுச் சேலை கட்டியிருந்தாலும் கிண்ணக்காரியை அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் அம்மா 'ஏட்டி' என்று கூப்பிட்ட ஆள்! ராயகிரி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

டாக்டரம்மா தமிழில் கேட்டார். "அம்மா எப்படி இருக்காங்க? யாரிடமாவது காட்டினீங்களா?"

"காட்டலை. டாக்டர் வந்தார். அப்பாகிட்ட கேட்டார், அப்பா வாயுன்னார், அவரும் வாயுன்னுட்டார். வலி அம்மாவோடது, வாய் அப்பாவோடது. இப்படி வைத்தியம் பார்த்தா எப்படிங்க குணமாகும்?" சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மேஜையைக்கூடத் தட்டினேன் என்று நினைக்கிறேன். டாக்டரம்மா சிரிக்காமல் அவ்வளவையும் இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். துரை மார்க் காகிதத்தைக் கீழே வைத்தார். உன் அம்மாவுக்கு என்ன வியாதி என்று நினைக்கிறாய் என்று என்னிடம் கேட்டார்.

"தவளைக்கென்றால் சொல்வேன். மனுஷிக்கு இனிமேல்தான் படிக்கவேண்டும்" என்றேன்.

நான் எழுந்தபோது டாக்டரம்மா, "உனக்கு சீட் கிடைக்கிறதோ இல்லையோ, அம்மாவை என்னிடம் அழைத்து வா" என்றார்.

வெளியே காத்திருந்த அப்பா, "என்னத்தக் கேட்டாவ?" என்றார்.

"உங்களைப் பத்தித்தான்" என்றேன். வழியெல்லாம் அவர் அதை யோசித்துக்கொண்டே வந்தார்.

ஊருக்கு வந்து, கிண்ணம் பிடித்தவள் யார் என்று நான் சொன்னதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவி மவளே! அவியளையா நான் ஏட்டின்னேன்! ஒன் படிப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் உள்ளே ஓடி ஒளிந்தாள். காசிவிசுவநாதருக்கு அபிஷேகம், குற்றாலநாதருக்கு அபிஷேகம் என்று நேர்ந்துகொண்டே போனாள். ராயகிரியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சீட் வந்துவிட்டது. வந்த நாளில் அம்மா ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு புஸ்தகமாகும். நான் அப்பாவிடம் போனேன்.

"அம்மாவும் மெட்ராஸுக்கு வரணுமாம்ப்பா. அம்மாவை ஆஸ்பத்திரில பரிசோதனை பண்ணினாத்தான் என்னைச் சேர்த்துக்கிடுவாவளாம்."

"இது என்ன சட்டம்? நடவு நேரத்துல."

"மெட்ராஸ் சட்டம்."

அப்பா யோசித்தார். அரிசிக்கு ஒரு சட்டம், மண்ணெண்ணெய்க்கு ஒரு சட்டம், விளக்கை மூடி வைக்க ஒரு சட்டம் என்று நாளொன்றுக்கு ஒன்று வந்துகொண்டிருந்த காலம். "சண்டை வந்தாலும் வந்துது, புதுசு புதுசாச் சட்டம் போடுதான்" என்று சலித்துக்கொண்டு, அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

அப்பா ஆண்களோடு ஏறிக்கொண்டார். பெண்கள் பெட்டியில் நானும் அம்மாவும். கடையநல்லூர் தாண்டுகிறவரை அம்மா பெட்டியில் ஒருத்தியிடமும் மூணாவது கதையைச் சொல்லவில்லை. அது அவளுக்கு வழக்கமே இல்லை. அப்புறம் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அந்த டாக்டரம்மா நெசமாவே சொன்னாவளா? நான் வந்தாத்தான் ஒனக்கு சீட்டுன்னு?"

"இல்லம்மா. அது நானாச் சொன்னது."

குட்டு விழும் என்று தலையை ஒதுக்கினேன். அம்மா பெட்டியில் யாராவது கேட்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நல்லவேளை அப்படிச் சொன்னே. வலி தாங்கலட்டி" என்றாள்.